ஒரே கையில் எத்தனை பொறுப்பு?

(அருப்புக்கோட்டையில் நெசவாளர்களும் மானாவாரி விவசாயிகளும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. தொடுத்தவர்கள் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கத்தினர். மின் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு மின் கழகம் மனுப் போட்டிருந்தது. அதை விசாரித்து முடிவு சொல்லவேண்டியது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள் என்று மூன்று நாற்காலிகள் கொண்ட அமைப்பு அது. அவற்றில் சட்டம் தெரிந்தவருக்குரிய நாற்காலி அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து காலியாகக் கிடந்தது. சட்ட உறுப்பினர் இல்லாத ஆணையம் இவ்வளவு பெரிய கட்டண வழக்கில் தீர்ப்புச் சொல்லலாமா என்பதுதான் சங்கத்தின் கேள்வி.

நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக ஏற்றார். விசாரணையை நடத்திக்கொள்ளுங்கள், சட்ட உறுப்பினர் வரும்வரை இறுதி ஆணை போடாதீர்கள் என்றார். மேல்முறையீடு போனது. செப்டம்பர் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பர் 9-ஆம் தேதி ஆணை வந்தது. மறுநாளே புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அந்த ஆணை இந்த ஊருக்கு என்ன செய்தது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உயரழுத்த இணைப்புக்கான டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய் ஆனது. ஆயிரம் கே.வி.ஏ. வைத்திருக்கும் மில்லுக்கு அதில் மட்டும் மாதம் இரண்டு லட்சம் ரூபாய் கூடுதல். நூல் விற்றாலும் விற்காவிட்டாலும் அது கட்டியாகவேண்டிய பணம். சிறு பட்டறைகளுக்குக் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், மிகக் கீழ்ப்படியிலேயே 75 ரூபாய் ஆனது. விசைத்தறிக்காரர்கள் போராடினார்கள். 2023-இல் இலவச யூனிட் 750-லிருந்து ஆயிரமானது. வீட்டுக் கட்டணத்தின் கதை உங்கள் ஒவ்வொருவர் வீட்டு மின் கட்டண அட்டையிலும் இருக்கிறது.

கட்டணம் உயர்ந்தது சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. நிலக்கரி விலை ஏறியிருக்கிறது, கடன் வட்டி ஏறியிருக்கிறது, உயர்வுக்குக் காரணங்கள் இருக்கலாம். தீர்ப்புச் சொன்னவர்கள் யார், அவர்களை நியமித்தவர் யார், அவர்கள் முன் மனுப் போட்டவர் யார், அந்த மனுதாரரின் முதலாளி யார் என்ற வரிசையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த வரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாடு அரசு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1948-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டத்தின்படி 1957 ஜூலை 1-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது. மின்சாரத்தை உற்பத்தி செய்ததும், கம்பி இழுத்ததும், விற்றதும், விலை வைத்ததும் அந்த ஒரே வாரியம். நம் கிராமங்களுக்கு விளக்கு வந்தது அதனால்தான். கம்பம் ஏறி உயிர்விட்ட தொழிலாளர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்த வாரியத்தைக் குறைத்துப் பேசுகிறவன் நான் இல்லை. ஆனால் விற்கிறவரே விலை வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. தேர்தல் வந்தால் விலை உறைந்துபோகும், தேர்தல் முடிந்தால் ஒரேயடியாக ஏறும். எது உண்மையான செலவு, எது வீண் செலவு என்று வெளியாள் யாரும் கேட்க முடியாது.

அதை மாற்றத்தான் ஒழுங்குமுறை ஆணையங்கள் வந்தன. நாட்டிலேயே முதலாவதாக ஒரிசாவில் 1996-இல் ஓர் ஆணையம் அமைந்தது. 1998-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு ஆணையம் 1999 மார்ச்சில் அமைந்தது. 2003-இல் வந்த மின்சாரச் சட்டம் அதற்கு நீதிமன்றத்தை ஒத்த அதிகாரங்களைக் கொடுத்தது. 2010 நவம்பர் 1-இல் வாரியம் பிரிந்து, உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒரு கழகம், மின் தொடரமைப்புக்கு ஒரு கழகம், இவற்றுக்கு மேலே ஒரு தாய் நிறுவனம் என்று ஆனது. 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று இன்னொரு பிரிவு நடந்தது. பெயர்ப்பலகைகள் பெருகின. ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் இருக்கும் உடைமையாளர் மட்டும் மாறவில்லை.

2003 சட்டம் எழுதியவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். ஆணையத்தின் தலைவரோ உறுப்பினரோ வேறு எந்தப் பதவியும் வகிக்கக்கூடாது என்று 84-ஆம் பிரிவில் எழுதினார்கள். நியமிக்கப்படுகிறவருக்குப் பணம் சார்ந்தோ வேறு வகையிலோ பாரபட்சம் தரக்கூடிய தொடர்பு எதுவும் இல்லை என்று தேர்வுக் குழு உறுதி செய்துகொள்ளவேண்டும் என்று 85-இல் எழுதினார்கள். பதவி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுக்கு வணிக நிறுவனத்தில் வேலைக்குப் போகக்கூடாது, எந்த ஆணையத்தின் முன்னும் யாருக்காகவும் ஆஜராகக்கூடாது என்று 89-இல் எழுதினார்கள். ஒருமுறை இருந்த பதவிக்கே மறுநியமனம் கிடையாது, ஐந்தாண்டுதான், 65 வயதுதான். நல்ல விதிகள். நான் இவற்றை மனதார மதிக்கிறேன்.

ஆனால் இந்த விதிகள் யாரை நினைத்து எழுதப்பட்டவை என்று பாருங்கள். ஒரு தனியார் மின் நிறுவனம் பின்வாசல் வழியாக ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கிவிடக்கூடாதே என்ற கவலை இவற்றில் தெரிகிறது. அந்தக் கவலை பொய்யும் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2019-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக வந்தார் சாம் ராண்டசோ. அவர் பதவிக்கு வருவதற்குச் சற்று முன்பு அவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததாக ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனம் 2021-இல் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்கு விசாரணை முடிவதற்குள் இறந்தும்போனார். ஒஹையோவில் நடந்தது பணத்தின் கதை.

நம் ஊர்க் கதையில் யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவேண்டிய தேவையே இல்லை. இங்கே மின் கழகத்தின் உரிமையாளர் மாநில அரசு. அந்தக் கழகத்தின் கடனுக்கு உத்தரவாதம் கொடுப்பது மாநில அரசு. மின் கழகங்களின் கடனைச் சீரமைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்தபோது கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதும் மாநில அரசுதான். விவசாயப் பம்புசெட்டுக்கும், குடிசைக்கும், தறிக்கும், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்கும் மானியம் கொடுப்பது மாநில அரசு. மானியத்தை முன்கூட்டியே கட்டவேண்டும் என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டியதா என்று பார்க்கவேண்டியது ஆணையம். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் கொடுக்கும் அதிகாரம் 108-ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கு. ஆணையத்தின் செலவுக்கு மானியம் தருவது மாநில அரசு. உறுப்பினரைத் தேர்வு செய்யும் மூவர் குழுவில் தலைமைச் செயலர் ஒருவர். குழு கொடுக்கும் பெயர்களிலிருந்து நியமிப்பது மாநில அரசு. கடைசியாக ஒன்று. தெருவிளக்கு, குடிநீர் நீரேற்று நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று மாநிலத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் அரசும் அரசு அமைப்புகளும் உண்டு.

உறுப்பினர் வேறு பதவி வகிக்கக்கூடாது என்று தடுத்த சட்டம், அரசு இத்தனை பதவி வகிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் நான் உங்கள் முன் வைக்க வந்த விஷயம்.

இங்கே ஒரு உள்ளூர் உதாரணம் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. 2023 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி கைதானபோது மின்சாரத் துறை யாருக்குப் போனது? நமது திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தங்கம் தென்னரசுக்கு. அவர் அப்போது நிதியமைச்சர். 2024 செப்டம்பர் வரை இரண்டு துறைகளும் அவரிடமே இருந்தன. மானியப் பணத்தை விடுவிக்கவேண்டிய துறையும், அதைக் கேட்டு வாங்கவேண்டிய கழகத்தின் துறையும் ஒரே அமைச்சரின் மேசையில். அவருடைய நேர்மையைப் பற்றிய பேச்சே இல்லை இது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பணம் கொடுக்கிறவராகவும் வாங்குகிறவராகவும் ஒரே நேரத்தில் கறாராக இருக்க மனிதரால் முடியாது. ஒன்றில் கறார் காட்டினால் மற்றொன்றில் தளர்ந்தாகவேண்டும். அந்த நேரத்தில்தான் வெளியே நிற்கும் ஆணையம் ஒன்று தேவைப்படுகிறது.

ஆணையம் வெளியே நின்றதா? அதன் வரலாற்றைப் பாருங்கள். முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில். அடுத்தது 2010 ஜூலையில், ஏழு ஆண்டு கழித்து. பிறகு 2012, 2013. கட்டண மனுவே போடாமல் கழகங்கள் காலம் கடத்துவது நாடெங்கும் நடந்தது. 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எல்லா மாநில ஆணையங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. கழகம் மனுப் போடாவிட்டால் ஆணையமே தானாக எடுத்து விசாரிக்கவேண்டும் என்றது. 2014 டிசம்பரில் தமிழ்நாட்டு ஆணையம் அப்படித்தான், தானாக முன்வந்து, கட்டணத்தை உயர்த்தியது. அதைச் செய்தபோது ஆணையம் தன் வேலையைச் செய்தது என்றே நான் சொல்வேன், கட்டணம் ஏறியது எனக்கும் கசந்தபோதும். ஆனால் அதன்பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் ஏறவில்லை. நடுவில் 2016-இலும் 2021-இலும் சட்டமன்றத் தேர்தல், 2019-இல் நாடாளுமன்றத் தேர்தல்.

எட்டு ஆண்டு விலை ஏறாமல் இருந்தால் நமக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. ஏறாத விலையின் வித்தியாசம் எங்கும் மறைந்துபோகவில்லை. அது கழகத்தின் கடனாகச் சேர்ந்தது. ஆணையத்தின் கணக்கில் பிற்பாடு வசூலிக்கவேண்டிய தொகையாகச் சேர்ந்தது. கடனுக்கு வட்டி ஏறியது. 2022-இல் நூற்பாலைக்கு ஒரே நாளில் கே.வி.ஏ.வுக்கு 200 ரூபாய் கூடியதன் பின்னால் அந்த எட்டு ஆண்டு மௌனம் இருக்கிறது. பின்னால் வசூலிப்பதாகத் தள்ளிவைத்த இப்படிப்பட்ட தொகைகளைப் பற்றி 2025 ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. பழைய பாக்கிகளை 2024 ஏப்ரல் தொடங்கி ஏழு ஆண்டுக்குள் தீர்க்கவேண்டும் என்றது. டெல்லியின் தனியார் கழகங்கள் தொடங்கிய வழக்கு அது, ஆனால் எல்லா மாநிலத்தையும் கட்டுப்படுத்துகிறது. இன்று பல்லாங்குழி ஆடும் குழந்தை வளர்ந்து தறி போடும்போது, தான் பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டும்.

மறுபக்கத்தின் வாதத்தையும் நான் சொல்லவேண்டும். மின்சாரம் எளிய விஷயம் அல்ல. வாரியத்தில் முப்பது ஆண்டு வேலை செய்த பொறியாளரை விடக் கணக்கில் உள்ள ஓட்டையை யார் கண்டுபிடிக்க முடியும்? நிதித்துறையில் இருந்த அதிகாரியை விட மானியத்தின் சூட்சுமம் யாருக்குத் தெரியும்? உண்மைதான். அவர்களுடைய அறிவு ஆணையத்துக்குத் தேவை. ஆனால் அவர் பணியில் இருந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர் வகுத்த திட்டம், அவருடைய பழைய சகாக்கள் போட்ட மனு இவையே அவர் முன்னால் வரும்போது என்ன செய்வது? ஆணையப் பதவி முடிந்தபின் இரண்டு ஆண்டு வணிக வேலைக்குப் போகக்கூடாது என்ற சட்டம், கழகத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனை நாள் கழித்து உள்ளே வரலாம் என்று சொல்லவில்லை. தன் பழைய முடிவு வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாமே என்பார்கள். மூன்று பேர் ஆணையம். ஒரு இடம் காலி. இன்னொருவர் ஒதுங்கினால் மிச்சம் ஒரே ஒருவர். வழக்கு நின்றுபோகும் என்றால் ஒதுங்குவது யாருக்கும் எளிதல்ல. இருக்கை காலியாகக் கிடப்பதும் கடமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

அதனால்தான் சட்ட உறுப்பினருக்காக இவ்வளவு பேசுகிறேன். 2014-இல் பிள்ளைபெருமாள்நல்லூர் மின் நிலையத்தை நடத்தும் பி.பி.என். நிறுவனத்துக்கும் நமது மின் கழகத்துக்கும் நடந்த வழக்கில், மாநில ஆணையம் நீதிமன்றத்தின் தன்மையோடு முடிவெடுக்கும் அமைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 ஏப்ரல் 12-இல், குஜராத்திலிருந்து போன வழக்கில், நீதிபதிகள் செலமேஸ்வரும் சஞ்சய் கிஷன் கவுலும் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் மூவரில் ஒருவராவது சட்டத்துறையைச் சேர்ந்தவராக இருந்தாகவேண்டும். நான்கு ஆண்டு கழித்து, தமிழ்நாட்டில் மிகப் பெரிய கட்டண வழக்கு வந்த நேரத்தில், அந்த நாற்காலி காலி. உறுப்பினர் எந்தத் தேதியில் ஓய்வு பெறுவார் என்பது அவர் சேர்ந்த நாளிலேயே தெரியும். நியமிக்கவேண்டிய அரசே அந்த வழக்கில் மனுதாரரின் உரிமையாளரும்கூட. அது திட்டமிட்ட தாமதம் என்று நான் சொல்லமாட்டேன். தாமதத்தால் பலன் பெறக்கூடியவர் கையிலேயே நியமனம் இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்வேன்.

இனி நம் வெயிலைப் பற்றிப் பேசுவோம். குண்டாறு திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போகிறது. தண்ணீர் ஓடுவதைவிட மணல் கிடப்பதே அதிகம். சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்த அந்தப் பக்கத்தில்தான் 2016-இல் அதானியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. 2014 செப்டம்பரில் ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு விலை வைத்தது. 2015 ஜூலையில் அந்த விலைக்கே அந்த நிலையத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாதம் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஏலத்தில் 5 ரூபாய் 5 காசுக்கு ஒருவர் முன்வந்தார். விலை வைத்தது ஆணையம், வாங்கியது அரசின் கழகம், கொள்கை வகுத்தது அரசு. இருபத்தைந்து ஆண்டுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் சார்பில் அந்த விசாரணையில் முழுநேரமாக உட்கார்ந்து வாதாடியது யார்?

பிறகு கதை மறுபக்கம் திரும்பியது. வாங்க ஒப்புக்கொண்ட சூரிய மின்சாரத்தையே நிறுத்தச் சொன்னார்கள். விதிப்படி, மின்தொகுப்புக்கு ஆபத்து வந்தால் தவிர சூரிய மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. எந்த நிலையம் ஓடவேண்டும், எது நிற்கவேண்டும் என்று நொடிக்கு நொடி சொல்வது மாநில மின்சுமை பகிர்ந்தளிப்பு மையம். அது மின் தொடரமைப்புக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் உடன்பிறப்பு மின்சாரம் வாங்கும் கழகம். மின்சார வணிகம் செய்யக்கூடாது என்று சட்டம் அந்த மையத்தைத் தடுத்திருக்கிறது. ஆனால் வணிகம் செய்கிற கழகத்தின் குடும்பத்திலேயே அது குடியிருக்கிறது. தேசிய சூரிய எரிசக்திக் கூட்டமைப்பு முறையிட்டது. மாநில ஆணையத்தில் இழப்பீடு கிடைக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 2-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வணிகக் காரணத்துக்காக நிறுத்தியது சட்டவிரோதம் என்று சொல்லி, ஒப்பந்த விலையில் 75 சதவீதத்தை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது.

மையத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திய பொறியாளர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பதவி உயர்வு, இடமாற்றம், சம்பளம் எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் தீர்மானமாகிறது. விலை அதிகமான மின்சாரத்தை வாங்காமல் இருப்பது கழகத்துக்கு லாபம். அந்தச் சூழலில் நடுநிலையாக இருக்கச் சொல்வது, அவர் தினமும் தன் குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டும் என்று கேட்பது.

சென்னையையும் டெல்லியையும் விட்டுவிட்டு விருதுநகருக்கு வருவோம். உங்கள் ரீடிங் தவறு, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து வாரமாகிறது, சர்வீஸ் கேட்டு மாதக்கணக்காகிறது. ஏ.இ. ஆபீஸில் பேசிப் பார்த்தாயிற்று. எங்கே போவது? சட்டத்தின் 42-ஆம் பிரிவு மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒரு மன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் தலைவர் யார் தெரியுமா? அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். யாருடைய அலுவலகத்தின் மேல் புகாரோ அவரே விசாரிக்கிறார். அவருக்குக் கீழே உள்ளவர் செய்த தவறு அவருடைய வருடாந்திர மதிப்பீட்டிலும் ஏறக்கூடும். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகளும் மன்றத்துக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் அதிகாரியே தலைமை தாங்கட்டும் என்றுதான் விட்டுவிட்டன. நுகர்வோர் பிரதிநிதிகளைச் சேர்த்தது நல்லது. தலைமை நாற்காலி மாறவில்லை. அதற்கு மேல் முறையிட மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையில். நரிக்குடிப் பக்கத்துக் கிழவி ஒருத்தி ஒரு ரீடிங் தவறுக்காகச் சென்னைக்கு மனுப் போடுவாளா?

ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது என்பதை நம் கண்மாய்ப் பாசனம் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது. மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்கு நிலமே இருக்காது. சாதி அவருக்கு நிலத்தை மறுத்தது என்பது அதன் கொடுமையான பக்கம், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் தண்ணீரில் அவருக்குப் பங்கு இல்லாததால்தான் கடைமடை வயலுக்காரரும் அவருடைய முறையை நம்பினார். அவருக்குரிய நெல்லை எல்லாரும் களத்திலேயே அளந்து கொடுத்தார்கள். ஒரு பெரிய நிலக்காரர் மட்டும் கூலி கொடுத்திருந்தால் அந்த மடை எந்தப் பக்கம் திறந்திருக்கும்?

அண்டை நாட்டையும் பாருங்கள். இலங்கையில் 2023 பிப்ரவரியில் மின் கட்டணம் 66 சதவீதம் ஏறியபோது பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்க எதிர்த்தார். மே மாதம் நாடாளுமன்றம் 123-க்கு 77 என்ற வாக்கில் அவரை நீக்கியது. அவர் சரியா அமைச்சர் சரியா என்பது வேறு வழக்கு. ஆனால் நீக்கியது வெளிச்சத்தில் நடந்தது, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் கைதூக்கினார் என்று மக்களுக்குத் தெரிந்தது. நம் ஊரில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் அதற்குக் காரணம் யார் என்று எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

என்ன கேட்கவேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்தவர் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும், தவறினால் கட்டண வழக்குக்கு இடைக்காலமாக ஒரு சட்ட வல்லுநரை உயர் நீதிமன்றம் தரும்படி சட்டம் திருத்தப்படவேண்டும். கழகத்தில் பணியாற்றியவர் ஆணையத்துக்குள் வர இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும், வெளியே போகிறவருக்கு உள்ள அதே இரண்டு ஆண்டு. மின்சுமை மையம் கழகங்களின் குடும்பத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பாகவேண்டும். குறைதீர்க்கும் மன்றத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ வெளியாளோ தலைமை தாங்கவேண்டும். மேற்பார்வைப் பொறியாளர் அங்கே பதில் சொல்கிறவராக வரட்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும்; அதற்குச் சட்டத்திருத்தமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். சட்டத்தின் 94-ஆம் பிரிவு, நுகர்வோர் நலனுக்காக வாதாட ஒருவரை ஆணையமே அமர்த்தலாம் என்கிறது. கலிஃபோர்னியாவில் ஆணையத்துக்குள்ளேயே பொதுமக்கள் வழக்காடு அலுவலகம் ஒன்று தனி ஊழியர்களோடு இயங்குகிறது. கழகத்தின் கணக்கைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் முழுநேர வேலை. சூரிய மின்சாரத்துக்கு என்ன விலை, நிறுத்தியதற்கான இழப்பீட்டை நம் பில்லில் ஏற்றலாமா, மீட்டர் இல்லாத பம்புசெட்டுகளின் கணக்கு எப்படி வந்தது என்று நம் சார்பில் கேட்க அப்படியோர் அலுவலகம் தமிழ்நாட்டிலும் நிரந்தரமாக வேண்டும்.

அது வரும்வரை அந்த வேலை நம்முடையது. கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தை நாளிதழில் வெளியிட்டாகவேண்டும், ஆணையம் 120 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும், அறிவிப்பில் தரும் கெடுவுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். வக்கீல் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். 2022-இல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும்தான் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. தறி நிறுத்தி, கூலி இழந்து, மதுரைக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சில நிமிடம் பேசிவிட்டு வருவது எல்லாராலும் ஆகாது. அடுத்த முறை விருதுநகர் மாவட்டத்திலும் ஒரு கூட்டம் நடத்தக் கேட்டு ஒரு மனு எழுதுவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று ஒவ்வொரு ஊரிலும் கையெழுத்து வாங்குவோம். கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் அதில் எழுதவேண்டாம். இந்த வழக்கை விசாரிக்கப்போகிற மூன்று பேரும் யார், அவர்களில் சட்டம் படித்தவர் இருக்கிறாரா, இதற்குமுன் எந்தப் பதவியில் இருந்தார்கள், எங்கள் சார்பில் வாதாட யாரை அமர்த்தியிருக்கிறீர்கள் என்ற கேள்விகளை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.